படுக்கையை நனைத்த பூனை: திரும்பி வந்த ஒரு தத்தெடுப்பின் நிகழ்வு ஆய்வு

துரை எங்கள் பூனை மீட்புக் குழுவுக்கு இரண்டாம் முறை வந்தபோது கூடவே வந்த தாளில் ஒரே வரிதான் இருந்தது: "கண்ட இடத்தில் அசுத்தம் செய்கிறது." முதல் முறை வந்த தாளிலும் ஒரே வரி: "வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறது." இரண்டுமே பொய் இல்லை. ஆனால் இந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் காணாமல் போன சங்கதிகள் ஏராளம். அவை தெரிந்திருந்தால் இரண்டாவது வீட்டுக்கு அவனை அனுப்பியே இருக்க மாட்டார்கள். திரும்பி வந்த பிறகு அவனைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட வீட்டார்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

துரை, முதல் வீட்டார் வைத்த பெயர். சாம்பல் நிற வரிப்பூனை, கடுவன், கருத்தடை ஆனவன், வயது சுமார் 5, உடம்பு கொஞ்சம் கூடுதல். தாயில்லாமல் கிடந்த குட்டிகளில் ஒன்றாகக் கண்டெடுத்து, மனிதக் கையிலேயே வளர்ந்தவன். பூனைக்குட்டி பிறந்த 2 முதல் 7 வாரங்களுக்குள் யாரோடு பழகுகிறதோ அவர்களைப் பிறகு ஆயுசுக்கும் நம்பும். துரைக்கு அந்த வாரங்களில் மனிதர் கிடைத்தார்கள். அதனால் புது ஆள் வந்தாலும் ஓடமாட்டான். மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வான். அதற்குப் பிறகான ஐந்து ஆண்டுகளில் அவன் வேறு பூனையோடு வாழ்ந்ததே இல்லை. இது படிவத்திலேயே இருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் "ரொம்ப சாது" என்றும் அதே படிவத்தில் இருந்தது.

முதல் வீடு சொல்லாமல் விட்டது

குழந்தை வரப்போகிறது என்று பூனையைக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறைய. பின்னால் இருப்பது பெரும்பாலும், பூனையின் மலம் வழியாகப் பரவக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக் கிருமி பற்றிய பயம். பயத்துக்கு அடிப்படை உண்டு. கர்ப்பத்தின்போது புதிதாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கும். ஆனால் பூனை அந்தக் கிருமியின் முட்டைகளை வெளியேற்றுவது வழக்கமாக அதற்கு முதன்முதலாகத் தொற்றும்போதுதான், அதுவும் ஒன்று முதல் மூன்று வாரம். மலத்தோடு வந்த முட்டை தொற்றக்கூடிய நிலையை அடைய 1 முதல் 5 நாள் ஆகும். ஆகவே பூனை மலஜலம் கழிக்கும் மணல் பெட்டியை, அதாவது லிட்டர் பாக்ஸைத் தினமும், கர்ப்பிணி அல்லாத வேறொருவர், சுத்தம் செய்தாலே அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டுக்குள்ளேயே இருந்து, எலி பிடிக்காமல், பச்சை இறைச்சி தின்னாமல் வளரும் பூனையிடமிருந்து தொற்றுவது அரிது. அரைகுறையாக வெந்த இறைச்சியையும் தோட்ட மண்ணையும் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

இதையெல்லாம் விளக்கிச் சொல்லலாம் என்றுதான் அந்த வீட்டுக்கு போன் போட்டேன். பேச்சு முதலில் மருத்துவர் என்ன சொன்னார், மாமியார் என்ன சொன்னார் என்றே போயிற்று. "பாவம் பார்த்துக் கொடுத்தீங்க, உங்க மேல எந்தக் குறையும் இல்ல. அவன் இப்போ கஷ்டப்படறான், அதனாலதான் கேக்கறேன்" என்றதும் எதிர்முனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அக்கா, அவன் முன்னாடியே கட்டில்ல போவான். அதைச் சொன்னா யாரும் எடுத்துக்க மாட்டாங்கன்னுதான் சொல்லல" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. முதல் தடவை வீடு மாறிய வாரத்தில். இரண்டாவது, வீட்டுக்கு வண்ணம் பூசியபோது. இரண்டு தடவையும் கட்டிலில், ஒரு ஸ்பூன் அளவுகூட இருக்காது, ஆனால் நாளுக்குப் பல முறை. பின்பக்கத்தை ஓயாமல் நக்குவான். மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தார், ஒரு வாரத்தில் சரியாயிற்று. மூன்றாவது தடவை, தொட்டிலும் குழந்தைச் சாமான்களும் வந்து இறங்கிய நேரம். இம்முறை யாரும் மருத்துவரிடம் போகவில்லை. "குழந்தை வருதுன்னு அவனுக்குப் பொறாமை" என்று குடும்பமே முடிவு கட்டிவிட்டது.

பூனை பழிவாங்க மூத்திரம் பெய்யும் என்ற நம்பிக்கைக்கு எங்கே போனாலும் ஆள் இருக்கிறார்கள். படுக்கையில் போனால் எஜமானுக்குக் கோபம் வரும், அது அவருக்குத் தண்டனை என்று திட்டம் போடுகிற அளவுக்குப் பூனை யோசிப்பதாக இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. வலிக்கிற பூனை மெத்தென்ற, தனக்குப் பிடித்தவரின் வாசனை அடிக்கிற இடத்தைத் தேடும் என்பது இதைவிட எளிய விளக்கம்.

இரண்டாவது வீடு

நல்ல வீடு. ஒரு தம்பதி, அவர்களிடம் ஏற்கெனவே 3 வயதுப் பெட்டைப் பூனை ஒன்று. சன்னல்களுக்கு வலை, தடுப்பூசி அட்டை, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், செலவு பற்றிய தெளிவு, எல்லாம் இருந்தது. தத்துக் கொடுக்கும் படிவத்தில் எந்தக் கேள்விக்கும் அவர்கள் தடுமாறவில்லை. இப்படிப்பட்ட படிவங்கள் பெரும்பாலும் மனிதர்களை அளக்கின்றன. பூனை நடக்கப்போகிற தரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

துரையைக் கொண்டுபோன அன்று மாலையே அவனைத் தூக்கிவந்த கேரியர் கூண்டைக் கூடத்தில் திறந்துவிட்டார்கள். சண்டை வரவில்லை. பெட்டை ஒரு முறை சீறியது, துரை சோபாவுக்குப் பின்னால் போனான், மறுநாள் இருவரும் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். "செட் ஆயிடுச்சு" என்று செய்தி வந்தது. மூன்றாவது வாரம் கட்டில் நனைந்தது. பிறகு சோபா. பிறகு மீண்டும் கட்டில். அதட்டினார்கள், வாசனைத் திரவம் போட்டுத் துடைத்தார்கள், லிட்டர் பாக்ஸுக்கு மூடி போட்டார்கள், அவனைத் தூக்கிக்கொண்டுபோய் அதற்குள் விட்டார்கள். தூக்கமில்லாமல் மெத்தை துவைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குக் கொடுத்த தகவலை வைத்துப் பார்த்தால் அவர்கள் செய்ததெல்லாம் இயல்பானதே. துரை திரும்பி வந்தான்.

மருத்துவம் முதலில்

கடுவன் பூனையின் சிறுநீர் விஷயத்தில் ஆராய்ச்சிக்கு முன்னால் அவசரம் வருகிறது. பெட்டைக்குச் சிறுநீர்க் குழாய் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். கடுவனுக்கு நீளம், நுனிப்பக்கம் குறுகல். அங்கே சளியோ படிகமோ கட்டியாகி அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பெட்டிக்குள் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து முக்குவது, ஒரு சொட்டும் வராதது, கத்துவது, வாந்தி, சுருண்டு படுத்துக்கொள்வது என்று கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டிலேயே வைத்துப் பார்த்து இழந்தவர்கள் இருக்கிறார்கள். மனிதருக்கான பாராசிட்டமால் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. பூனைக்கு அது விஷம்.

துரைக்கு அடைப்பு இல்லை. சிறுநீரில் ரத்த அணுக்கள் இருந்தன. கல்ச்சர் சோதனையில் பாக்டீரியா வளரவில்லை. சிறுநீர் அடர்த்தி அதிகம். ஸ்ட்ரூவைட் என்ற தாதுப் படிகங்கள் சில தென்பட்டன, ஆனால் அடர்த்தியான சிறுநீரில் நோயில்லாத பூனைக்கும் அவை தென்படும் என்று மருத்துவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கேனில் கல் இல்லை, சிறுநீர்ப்பையின் சுவர் மட்டும் சற்றுத் தடித்திருந்தது. மற்றவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டு அவர் சொன்னது: காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சி. இளவயது, நடுவயதுப் பூனைகள் சிறுநீர்த் தொல்லை என்று வந்தால் அவற்றில் பாதிக்கும் மேல் இதுதான். பாக்டீரியாத் தொற்று அந்த வயதில் அபூர்வம்.

அப்படியானால் முதல் வீட்டில் ஆன்டிபயாடிக் கேட்டது எப்படி? கேட்கவே இல்லை. இந்த அழற்சி மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாக அடங்கிவிடும். மாத்திரை முடிகிற நாளும் வலி அடங்குகிற நாளும் ஒன்றாக அமைந்ததால் "தொற்று, குணமாயிற்று" என்ற கதை குடும்பத்தில் நிலைத்துவிட்டது. வீடு மாறியது, வண்ணம் பூசியது, தொட்டில் வந்தது என்ற வரிசையை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவர் டோனி பஃபிங்டனும் அவருடைய குழுவினரும் இந்த நோயைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இது பையில் மட்டும் உள்ள கோளாறு அல்ல, அந்தப் பூனையின் நரம்பு மண்டலம் அழுத்தத்தை எதிர்கொள்ளும் விதத்தோடு பின்னியது என்பது அவர்கள் காட்டியது. வீட்டுச் சூழலைப் பல முனைகளில் மாற்றினால் தொல்லை கணிசமாகக் குறைகிறது என்று 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2011இல் வந்த இன்னொன்று எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. வழக்கமான அட்டவணை கலைந்தபோது, பராமரிப்பவர் மாறியபோது, நோயுள்ள பூனைகள் மட்டுமல்ல, ஆரோக்கியமான பூனைகளும் வாந்தி எடுத்தன, சாப்பாட்டைக் குறைத்தன, பெட்டிக்கு வெளியே போயின. அதாவது தத்தெடுப்பு என்ற காரியமே, எந்தப் பூனைக்கும், நாம் குறை என்று எழுதுகிற அதே அறிகுறிகளை உண்டாக்கக்கூடியது.

இன்னொரு வேறுபாட்டையும் மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டேன். நின்றுகொண்டு, வாலை நிமிர்த்தி நடுக்கி, சுவர் போன்ற செங்குத்தான பரப்பில் பீய்ச்சுவது எல்லை குறிப்பது. குந்தி உட்கார்ந்து சமதளத்தில் போவது வேறு. இரண்டாவது வீட்டில் துரை குந்தி உட்கார்ந்துதான் போயிருக்கிறான். எல்லைச் சண்டை என்று சொல்லி முடித்துவிட முடியாது.

நாற்பது வினாடிக் காணொளி

துரை அங்கே இருந்த காலத்தில் அந்தத் தம்பதி குழுவுக்கு நிறையக் காணொளிகள் அனுப்பியிருந்தார்கள். எல்லோரும் இதயக்குறி போட்டு நகர்ந்துவிட்ட ஒன்றைத் தேடி எடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.

கூடம். அதிலிருந்து உள்ளே போகும் குறுகிய நடை. நடையின் வாயில் குறுக்காகப் பெட்டை படுத்திருக்கிறது, உடம்பு முழுக்கத் தளர்வாக, வால் நுனி மட்டும் மெல்ல அசைய. துரை சோபா ஓரத்தில் குறுகி உட்கார்ந்திருக்கிறான்; நான்கு பாதமும் தரையில் ஊன்றி, வாலை உடம்போடு இறுக்கிச் சுற்றி, காதுகள் பக்கவாட்டில் திரும்பி. எழுந்து நடையை நோக்கி இரண்டு எட்டு வைக்கிறான். பெட்டை எழவில்லை, சீறவில்லை. தலையை மட்டும் தூக்கி அவனைப் பார்க்கிறது. அவன் நிற்கிறான், முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், அவசரமாகத் தோளை நாலு முறை நக்கிவிட்டு வந்த வழியே போய்விடுகிறான். பெட்டை தலையைக் கீழே வைக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் பின்னணியில் சிரிப்பும், "பாருங்க, ரெண்டும் ஃப்ரெண்ட்ஸ் ஆயிடுச்சு" என்ற குரலும் கேட்கிறது.

நடையின் கோடியில் என்ன இருக்கிறது என்று கேட்டு அனுப்பினேன். குளியலறை. அதில்தான் லிட்டர் பாக்ஸ்.

பூனைகளுக்கு இடையிலான அடக்குமுறை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். ரத்தமும் இல்லை, ரோமமும் பறக்காது. வழியில் படுத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தால் போதும். சாலையை மறித்து நிற்கும் மாட்டைப் போல அதற்கு விரோதம்கூடத் தேவையில்லை. மறுபக்கம் நிற்கிறவனுக்குத்தான் அவஸ்தை. மனிதக் கண்ணுக்கு இது சமாதானமாகத் தெரிகிறது, ஏனென்றால் நாம் சண்டையை மட்டுமே பகை என்று எண்ணுகிறோம்.

மேலும் கேட்கக் கேட்க வீட்டின் வரைபடம் தெளிவாயிற்று. பெட்டிகள் இரண்டு இருந்தன, ஆனால் ஒட்டினாற்போல் பக்கத்தில் பக்கத்தில். பூனையின் கணக்கில் அது ஒரே பெட்டி. பூனைக்கு ஒன்று, கூடுதலாக இன்னொன்று என்ற பொது விதியில் எண்ணிக்கையை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். வெவ்வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்ற பாதி மறந்துபோகிறது. பெட்டியை ஒட்டி வாஷிங் மெஷின். உள்ளே வாசனை சேர்த்த, பெரிய மணிகளான மணல். மூடி போட்ட பிறகு உள்ளே போக, வர ஒரே வாசல். வெளியே பெட்டை காத்திருக்குமோ என்று பயப்படுகிற பூனைக்கு மூடிய பெட்டி பொறி. கட்டிலோ உயரம், நாலு பக்கமும் பார்க்கலாம், இரண்டு பக்கம் குதித்து ஓடலாம், நடைக்கு இந்தப் பக்கமே இருக்கிறது. துரை தேர்ந்தெடுத்தது அந்த வீட்டில் அவனுக்கு இருந்ததிலேயே பாதுகாப்பான கழிப்பறையை.

வாசனைத் திரவம் பற்றி ஒரு வார்த்தை. சிறுநீரின் வாடை சோப்பு நீரில் முழுதாகப் போகாது. நமக்குப் பூ வாசனை அடித்தாலும் பூனைக்கு அங்கே பழைய கழிப்பறைதான் இருக்கிறது. என்ஸைம் கலந்த கிளீனரை நன்றாக ஊறவிட்டுத் தானாகக் காயவிட வேண்டும். அம்மோனியா உள்ளவை கூடவே கூடாது. சிறுநீரிலேயே அந்த வாடை இருக்கிறது.

ஓர் அறை

வந்த பூனையை முதல் இரண்டு வாரம் தனி அறையில் வைப்பது எங்கள் வழக்கம். தொற்றுக்காகவும்தான். பூனைகளின் உயிரையே பறிக்கக்கூடிய பான்லூக்கோபீனியா வைரஸ் தரையிலும் சாமான்களிலும் ஓராண்டு வரைகூட உயிரோடு இருக்கும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு நீர் கலந்த கரைசல் அதற்கு நம்பகமானது. துரை தடுப்பூசி போட்டவன், அவனால் ஆபத்து குறைவு. ஆனாலும் வந்து ஒரு வாரத்தில் இடது கண்ணில் நீர் வடியத் தொடங்கியது, தும்மினான். குட்டிப் பருவத்தில் பிடித்த ஹெர்பிஸ் வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து, இப்படி இடம் மாறுகிற நேரத்தில் தலைகாட்டும். தானாக அடங்கியது.

அறையில் நான் வைத்தவற்றில் மிக மலிவானதே அதிகம் பயன்பட்டது: இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. இதற்கு ஆதாரம் கேட்பவர்களுக்கு, நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில் புதிதாக வந்த 19 பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை மூன்றாம், நான்காம் நாளிலேயே மற்றவற்றைவிடத் தெளிவாகப் பதற்றம் குறைந்து இருந்தன. 14ஆம் நாளில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. சிறிய ஆய்வுதான். ஆனால் புது வீட்டில் முதல் வாரம்தான் பூனையின் தலைவிதியை எழுதுகிறது என்பதால், அந்தச் சில நாள் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒளிந்த பூனையை வெளியே இழுத்து "பழக்கப்படுத்துபவர்கள்" இதைப் படிக்க வேண்டும் என்று ஆசை.

மணல் பெட்டிகள் இரண்டு, மூடியில்லாமல், பெரிதாக, எதிரெதிர் மூலையில். ஒன்றில் அவன் இரண்டாவது வீட்டில் பயன்படுத்திய வகை மணல், மற்றதில் வாசனையில்லாத மெல்லிய மணல். மெல்லியதையே எப்போதும் தேர்ந்தெடுத்தான். உலர் உணவைக் குறைத்து ஈர உணவுக்கு மாற்றினோம், சிறுநீர் நீர்த்துப் போகட்டும் என்று. மருத்துவர் கொடுத்த வலி மருந்து சில நாள். குறிப்பிட்ட நேரத்துக்குச் சாப்பாடு, சாப்பாட்டுக்கு முன்னால் இறகுக் குச்சி வைத்து விளையாட்டு. பூனையை அமைதிப்படுத்துவதாகச் சொல்லப்படும் செயற்கை ஃபெரோமோன் (பூனைகள் வெளிவிடும் வாசனைப் பொருளின் நகல்) கருவியும் மாட்டினேன். அதில் பலன் இருந்ததா என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. கேட்கிறவர்களிடம், முதலில் பெட்டியின் இடத்தை மாற்றுங்கள், காசு மிஞ்சினால் இதை வாங்குங்கள் என்பேன்.

இரண்டு வாரத்துக்குள் வெளியே போவது நின்றது. அது குணமானதன் அடையாளமா, அழற்சி தானாக அடங்கியதா என்று அப்போது சொல்ல முடியாது. அதனால் அவசரப்படாமல், கட்டிலுள்ள அறைக்கு அவனை விட்டோம், மரச்சாமான்களை நகர்த்தினோம், தெரியாத ஆட்களை வரச்சொன்னோம். ஒரு முறை மட்டும் நனைத்தான், பெட்டி இருந்த அறையின் கதவு தவறுதலாக மூடிக்கொண்ட அன்று. அதை அவன் கணக்கில் எழுத நியாயமில்லை.

என்ன எழுதி அவனைத் தத்துக் கொடுப்பது

குழுவில் இதற்கு ஒரு விவாதமே நடந்தது. "சிறுநீர்ப் பிரச்சினை என்று போட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள், நேரில் பேசும்போது சொல்லிக்கொள்ளலாம்" என்று சிலர். முதல் வீட்டார் செய்தது அதைத்தானே? கடைசியில் போட்டது இப்படி:

"துரை. 5 வயதுக் கடுவன். மனிதர் என்றால் உயிர். வேறு பூனை இல்லாத வீடு மட்டும். பதற்றம் வந்தால் சிறுநீர்ப்பை வலி வரும், அப்போது படுக்கையை நனைப்பான். இது இரண்டு வீட்டாரிடமும் நடந்திருக்கிறது, எப்போது நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும், அதைக் குறைக்கும் வழியும் தெரியும். இனி நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது."

விசாரிப்புகள் சட்டென்று குறைந்தன. வந்தவற்றிலும் பாதி, "பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் அல்லவா?" என்ற வகை. ஓய்வுபெற்று வீட்டோடு இருந்த பெரியவர் ஒருவர் மட்டும் முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "படுக்கையில போயிட்டான்னா நான் முதல்ல யாரைக் கூப்பிடணும்மா, உங்களையா டாக்டரையா?"

"டாக்டரை, சார். அப்புறம் என்னை."

அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்குக் கொடுத்திருப்பேன். நடந்தால் என்ன செய்வது என்று யோசிக்கிறவர், நடந்த அன்று கேரியரைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்.

குழுவில் அவருடைய வயதைச் சொல்லித் தயங்கினார்கள். வீட்டுப் பூனை 15 ஆண்டுக்கு மேலும் வாழும். அவருக்கு ஏதாவது ஆனால்? நியாயமான கேள்வி, ஆனால் இளைஞருக்கும் வேலை மாறும், திருமணம் ஆகும், வீட்டுக்காரர் பூனை கூடாது என்பார். முதியவருக்குக் குட்டியைக் கொடுப்பதில் எனக்கும் சம்மதம் இல்லை. 5 வயதுப் பூனை, அமைதியான வீடு, நாள் முழுக்க ஆள் என்பது வேறு. பின்னாளில் பொறுப்பேற்க அவருடைய மகளிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். எப்போது முடியாமல் போனாலும் வேறு யாருக்கும் கொடுக்காமல் எங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்ற வழக்கமான நிபந்தனையும் உண்டு. இதை மிரட்டலாக இல்லாமல் உறுதிமொழியாகச் சொன்னால் மக்கள் நிம்மதியடைகிறார்கள் என்பது என் அனுபவம். முதலில் தற்காலிகப் பராமரிப்பு, ஒத்துவந்த பிறகே தத்துப் பத்திரம் என்று பேசிக்கொண்டோம்.

கொண்டுபோகும் முன் அவருடைய வீட்டை காணொளி அழைப்பில் தரை மட்டத்தில் காட்டச் சொன்னேன். போனை முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு அவர் நடந்தது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டிக்கு இரண்டு இடம் அப்படித்தான் கிடைத்தது. ஒன்று படுக்கை அறையிலேயே. அவர் முகம் சுளிக்கவில்லை.

துரையோடு போனவை: துவைக்காத அவன் துணி, பயன்படுத்திய மணலில் ஒரு கைப்பிடி, அதே உணவு, அந்த அட்டைப்பெட்டி, மூன்று பக்கத்துக்கு அவனுடைய வரலாறு. முதல் நாள்கள் ஓர் அறை மட்டும். புது வீட்டில் பூனை படிப்படியாகப் பழக மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று புழக்கத்தில் உள்ள கணக்கைச் சொல்லவில்லை. ஆறுதலுக்கு அது நல்லது, ஆனால் நான்காம் நாளும் பூனை கட்டிலுக்கு அடியில் இருந்தால் ஏதோ தவறு என்று மக்கள் பதறுகிறார்கள். நாளைவிடப் பூனையைப் பார்ப்பது மேல்: படுக்கும்போது வயிறு தரையில் அழுந்தியிருக்கிறதா, பாதம் மடிந்திருக்கிறதா, ஆள் இருக்கும்போது சாப்பிடுகிறதா. 1997இல் ஆய்வாளர்கள் கெஸ்லரும் டர்னரும் வகுத்த ஏழு படிப் பதற்ற அளவுகோல் இப்படி உடம்பைப் பார்த்துச் சொல்வதுதான். சாப்பாட்டில் மட்டும் நாள் கணக்கு வைக்கச் சொன்னேன். பருமனான பூனை இரண்டு மூன்று நாள் எதுவும் தின்னாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகும். துரை மறுநாள் இரவு சாப்பிட்டான், அவர் விளக்கை அணைத்த பிறகு.

அதற்குப் பின்

மூன்றாம் மாதம் விடுமுறைக்கு மகளும் பேரக்குழந்தைகளும் வந்தார்கள். கட்டில் நனைந்தது. அவர் அன்றே மருத்துவரிடம் போனார், அடைப்பு இல்லை என்று உறுதிசெய்துகொண்டார், வலி மருந்து வாங்கினார், பின்னறையை அவனுக்கு ஒதுக்கிக் குழந்தைகள் நுழையக் கூடாது என்று கதவில் தாள் ஒட்டினார். பிறகுதான் எனக்குச் சொன்னார், புகாராக அல்ல, தகவலாக. அடுத்த விடுமுறைக்கு அவர்கள் வருவதற்கு முன்பே துரையின் சாமான்கள் பின்னறைக்குப் போய்விட்டன. அம்முறை எதுவும் நனையவில்லை. மெத்தைக்கு நீர் புகாத உறை போட்டிருக்கிறார், கழற்றும் உத்தேசம் அவருக்கு இல்லை.

இரண்டாவது வீட்டாருக்கு நடந்ததையெல்லாம் விளக்கி, காணொளியையும் பார்க்கச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு வருத்தம், கூடவே ஒரு விடுதலையும்; தங்களைப் பிடிக்காமல் அவன் அப்படிச் செய்ததாக நினைத்திருந்தார்கள். வேறு பூனை எடுக்கலாமா என்று கேட்டார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். துணை வேண்டும் என்பது நம் ஆசை, அந்தப் பெட்டை தனியாக நன்றாகவே இருக்கிறது. என்றாவது எடுத்தால் வாரக்கணக்கில் தனி அறை, துணி மாற்றி வாசனை பழக்குவது, கதவின் இரு பக்கமும் சாப்பாடு, பிறகு இடுக்கு வழியே பார்வை, கடைசியில்தான் ஒரே அறை.

குழுவின் ஒப்படைப்புப் படிவத்தில் "காரணம்" என்ற கட்டத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில், "பெட்டிக்கு வெளியே போனதுண்டா, எங்கே, அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்கிறார்கள், மேலே, இதற்கான பதிலால் பூனையை மறுக்க மாட்டோம் என்று ஒரு வரி. எழுதுபவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். தத்து எடுப்பவரிடம் வீட்டின் தரைமட்டக் காணொளி கேட்பது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. அந்தரங்கத்தில் தலையிடுவது போல் இருக்கிறது என்று ஒருவர் மறுத்தார். கையால் வரைந்த வரைபடம் போதும் என்று சொல்லிவிட்டோம்.

முதல் வீட்டார் அவனை வந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்கள். பெரியவர் சம்மதித்தார், நான் தடுத்தேன், படங்கள் போகின்றன. துரையின் தோலுக்கடியில் வைத்த அடையாள மைக்ரோசிப்பில் உள்ள 15 இலக்க எண் இரண்டு வீடு மாறிய பிறகும் முதல் வீட்டுத் தொலைபேசி எண்ணோடுதான் பதிவேட்டில் இருந்தது. அதை மாற்றி, ஸ்கேன் செய்து பார்த்துவிட்டோம். எடை இன்னும் கூடுதல்தான். அடுத்த பரிசோதனையில் பல்லையும் பார்க்கச் சொல்லியிருக்கிறது.